லேடி வந்தால் எழுந்திரு

"டாக்டரம்மா உள்ள வரும்போது எந்திரிச்சிடாதீங்கப்பா. தானா எந்திரிக்க முடியாதவங்களுக்குத்தான் இன்ஷூரன்ஸ்ல அந்த நாற்காலி" என்றாள் ரெனே, ஓமாஹா கிளினிக்கில்.

"லேடி உள்ள வந்தா நான் உக்காந்தே இருக்கறதா? உங்கம்மா இருந்திருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பா" என்றார் வெர்லின்.

ரெனேவுக்கு உறுத்தியது. பட்டனை அழுத்தினால் ஆளைத் தூக்கி நிறுத்தும் நாற்காலி பக்கத்து வீட்டு டுவேனுக்கு வந்ததிலிருந்தே அப்பாவுக்கும் அந்த ஆசை. அப்போதிருந்துதான் "கை குடும்மா" என்று ஆரம்பித்தார்.

"சோம்பேறித்தனம் பண்ணாம நீங்களே எந்திரிங்க" என்று அவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"சரி, மேட்ச் முடியட்டும்" என்று அவர் டிவி முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார்.

பொய்யே சொல்லாத மனிதரை இன்று நடிக்க வைக்கிறோமே என்று அவளுக்குக் கூசியது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். வெர்லின் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தார். முகம் சிவந்தது.

அவர் எழவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் மெதுவாக.

டாக்டர் இன்ஷூரன்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் தூக்கிவிட, வெர்லின் நடந்தே காருக்கு வந்தார்.

வண்டி கிளம்பியதும் ரெனே சிரித்துவிட்டாள். "பிரமாதமா நடிச்சீங்கப்பா. எங்க எந்திரிச்சிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

வெர்லின் மடியிலிருந்த தொப்பியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எந்திரிக்கத்தாம்மா பாத்தேன்."