ஒரு பெண் குறைவு

பெண்கள் அரசியலுக்கு வந்தால் நாட்டில் சமாதானம் வரும் என்று அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும் பிழை. பெண்கள் அரசியலுக்கு வருவது, வேட்புமனுவில் ஒரு பெண் குறைவதால்.

கொட்டாஞ்சேனை றொபேட்டின் சுயேச்சைக் குழுவிலும் ஒரு பெண் குறைந்தது. குறைந்தால் சட்டப்படி முழுப் பட்டியலும் தள்ளுபடி. மாவட்டச் செயலகமான கச்சேரியில் மனு ஏற்பது பன்னிரண்டு மணியோடு சரி. தையற்காரி யோசெப்பினின் வீட்டு வாசலில் அவன் நின்றபோது மணி பத்து.

"அக்கா, ஒரு சைன் மட்டும். கூட்டத்துக்கும் வரத் தேவையில்லை."

யோசெப்பின் தையல் மெஷினை நிறுத்தவில்லை. "நிஸாமுக்கு எதிராப் பொலிஸில போட்ட என்ட்ரியை எடு. பிறகு சைன்."

போஸ்டர் ஒட்டப்போன இடத்தில் அடிபாடு. நிஸாம், எதிர்க்குழு மஷூரின் மகன். அவன்மேல் றொபேட் முறைப்பாடு செய்தான். பதிலுக்கு, றொபேட்டின் தம்பி றொஹான்மேல் மஷூர் செய்தார். இரண்டு பொடியன்களும் எங்கேயோ ஒளிந்திருந்தார்கள்.

"அக்கா, அதை எடுத்தா என்ர தம்பியை உள்ளுக்குத் தள்ளிப்போடுவாங்கள்! என்ர கையில இருக்கிறது அது ஒண்டுதான்."

"அப்ப வேற ஆளைப் பார்."

பார்த்தான். முதல் வீட்டில் வயிற்றுவலி. அடுத்ததில் கணவன். மூன்றாவதில் நாய்.

பத்தே முக்காலுக்கு முச்சக்கரவண்டியில் பொலிஸுக்கு ஓடினான். 'சமாதானமாகிவிட்டோம்' என்று எழுதிக்கொடுத்தான். தம்பியின் முகம் கண்ணுக்குள் நின்றது.

யோசெப்பின் கண்ணாடி போட்டு, பொலிஸ் துண்டை வரிவரியாக வாசித்தாள். பிறகுதான் பேனையை எடுத்தாள்.

"பதவிக்காகத் தம்பியை விக்க வைச்சிட்டீங்கள், அக்கா."

"ஓடு தம்பி, நேரம் போகுது."

கச்சேரியில் பதினொன்று ஐம்பது. வரிசையில் அவனுக்கு முன்னால், வியர்த்து வழிய மஷூர்.

"உன்ட தம்பி மேல போட்ட என்ட்ரிய எடுத்துட்டேன். சந்தோசமா?" என்றார் எரிச்சலோடு.

றொபேட்டுக்கு விளங்கவில்லை. "ஏன், மஷூர் நானா?"

"எங்கட லிஸ்ட்லயும் ஒரு பொம்புள குறைஞ்சிச்சு. அத எடுத்தாத்தான் சைன் வைப்பேன்னு அந்த பௌசியா ஒரே பிடி."

"எந்தப் பௌசியா?"

"யோசெப்பினுக்குப் பக்கத்து வூடு. ரெண்டு பேரும் ஒரே மெஷின்லதானே தைக்கிறாங்க?"

இரண்டு பட்டியலும் ஏற்கப்பட்டன. அன்று மத்தியானம் றொஹானும் நிஸாமும் அவரவர் வீட்டில் சாப்பிட்டார்கள்.