கட்டைவிரலின் தாமதம்

ஸ்டாப்வாட்சை அழுத்தும் கட்டைவிரல் கண்ணைவிடக் கொஞ்சம் பிந்தியே வேலை செய்யும். சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிந்துவதால் நேரம் சரியாகவே வரும். ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் கார் பந்தயத்தில் நேரம் குறிக்கும் சகாயராஜ் இதைக் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்குவார். அன்று கடைசியாக ஓட்டியவள் அவர் மகள் ரெஜினா. முதலிடம் வந்தால், பந்தயத்தை நடத்தும் கடிகாரக் கம்பெனியின் அணியில் அவளுக்கு இடம். மகளுக்காக அவசரப்பட்டார் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, சுற்றின் முடிவில் கார் கோட்டைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் பொறுத்து அழுத்தினார். நொடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அவள் தோற்றாள். அவர் நேர்மையைப் பாராட்டிக் கம்பெனி ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தது. ரெஜினாதான் கட்டிவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“அசையாதீங்கப்பா. நான் கோட்டைத் தாண்டினப்ப இருந்தீங்களே, அப்படியே இருங்க.”