காகிதம் சுற்றிய பாட்டில்

டாக்டர் வீட்டுப் படியை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. தொடைகளை இறுக்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்கட்டில் கக்கூஸ் இருக்கிறது, போய்விட்டு வா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. எங்கள் ஊர் நெரவிக்குப் போகிற பஸ் ஒன்று எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

“மாட்டேங்க. போன தடவ பாட்டில் ஏத்தினதும் ஒண்ணுக்கு மஞ்சமஞ்சளா போச்சே, பாத்தேனே. ஏத்தின சத்தெல்லாம் வீணா போவுது.”

என் பெண்டாட்டி ஞானசௌந்தரிக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில், இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போ என்றார்கள். அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டு ஜோசெஃபினம்மாதான் இந்த டாக்டரைச் சொன்னது. அந்தம்மாவின் மகன் பிரான்சில். அங்கெல்லாம் இப்படித்தானாம். வைட்டமினை மாத்திரையாகத் தின்றால் பிரயோஜனமில்லை, பாட்டில் பாட்டிலாக நரம்பில் ஏற்றினால் கட்டி கரையுமாம்.

கரைகிறதோ இல்லையோ, அவள் நம்பினாள். நான் நெல் மூட்டை தூக்குகிறவன். அந்த நம்பிக்கைக்காக முதுகு ஒடியக் கூடுதல் பாரம் ஏற்றினேன்.

போன வாரப் பாட்டில் சாமந்தி நிறத்தில் பளிச்சென்று தொங்கியது. இன்றைக்கு அதன்மேல் பழைய பேப்பரைச் சுற்றியிருந்தார்கள். இது வீரியம் அதிகம், வெளிச்சம் படக் கூடாது என்றார் டாக்டர். மீசை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன் நான். பாட்டில் இறங்கி முடிகிற வரை, தலைகீழாகத் தொங்கிய செய்தியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் முகம் வியர்த்து வெளுத்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அடி கூறுகெட்டவளே, அது சத்து இல்லடி. கட்டி கரைஞ்சு வெளிய போவுது. அதான் மஞ்சள். அதப் போயி அடக்கி வச்சிருக்கியே!”

என்னை உற்றுப் பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

திரும்பி வரும்போது நடையே வேறாக இருந்தது. நோய் கண்ட பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

“ஏங்க, இன்னிக்கு மஞ்சளே இல்லீங்க! கெணத்துத் தண்ணி கணக்கா தெளிவா போச்சு. எல்லாம் கரைஞ்சிடுச்சு போலருக்கு. இருங்க, டாக்டரய்யாவக் கும்பிட்டுட்டு வந்துடுறேன்.”

விறுவிறுவென்று படியேறிப் போனாள்.

ஏன் மஞ்சளாகப் போகிறது என்று போன வாரமே கம்பவுண்டரிடம் கேட்டிருந்தேன். மருந்து உள்ளே போனால் அப்படித்தான் போகும், போகாவிட்டால்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

கேட்டுவிடுவது என்று படியில் கால் வைத்தேன்.

உள்ளே அவள் குரல் கேட்டது. “நீங்க நல்லா இருக்கணும் சாமி.”

காலைக் கீழே எடுத்தேன். அடுத்த நெரவி பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தது.