கொல்லிமலைக்கு ஒரு பாட்டில்

"அக்கா, அந்தப் பாட்டிலையெல்லாம் மேஜைக்கு அடியில தள்ளுங்க. சீக்கிரம். வந்துருவாங்க."

தனப்பிரியா போட்ட அவசரத்தில், கால் வலிக்கிறதென்று வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. மடிப்புக் கலையாத புதுப் பச்சைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்கு ரெண்டாகப் பாட்டிலை எடுத்து உள்ளே அடுக்க ஆரம்பித்தார்.

"போலீசா அம்மிணி?"

"போலீசு வந்தாப் பயமே இல்லைங்கக்கா, லைசென்ஸ் இருக்குது. வாரது மாமியாரு. ஆகப்போற மாமியாரு."

சேலத்து ஓட்டல் ஒன்றில் இயற்கைப் பொருள் கண்காட்சி. தனப்பிரியாவின் கம்பெனி அங்கே வைன் கடை போட்டிருந்தது. விற்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பங்கு, கொல்லிமலைச் சோலைக்காட்டைக் காப்பாற்றவும் மூலிகை நாற்று வளர்க்கவும் போய்விடும். அதனால் கடை முன்னால் ஆடாதொடை, துளசி, செம்பருத்தி என்று நாலைந்து தொட்டிகளும் உண்டு.

அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற சங்ககிரி லாரி ஆபீஸ் ஜெகதீஸ்வரன், தன் அம்மாவிடம் தொட்டிகளை மட்டும் சொல்லியிருந்தான். பாட்டிலைச் சொல்லவில்லை. காதலிக்கும்போது சூரப்புலியாக இருக்கிற பயல்கள் எல்லாம் அம்மா முன்னால் இப்படித்தான்.

இப்போதுதான் போன் பண்ணினான். "அம்மா உன்னையப் பாக்கக் கெளம்பிருச்சு. அது அரக்குச் சேலையத் தவிர வேற கட்டாது, பாத்ததும் தெரிஞ்சிரும். பாட்டில் மட்டும் கண்ணுல பட்டுச்சு, நம்ம கல்யாணம் அம்போதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"மாமியாரு அத்தன பொல்லாதவங்களா?" மேஜைக்கு அடியிலிருந்து பச்சைச் சேலை கேட்டது.

"அவரு சொல்றதப் பாத்தா, ரசத்துல உப்புக் கம்மின்னாக்கூட பஞ்சாயத்தக் கூட்டுவாங்களாட்ட இருக்குதுங்க."

அந்த அம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "லாரி ஆபீசுல உக்காந்து ஊரையே அதட்டுவான், அம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டானாக்கும்."

"அத ஏனுங்கக்கா கேக்கறீங்க" என்று அங்கலாய்த்தாள் தனப்பிரியா.

"சரி, கல்யாணமானதுக்கப்பறம் அந்தம்மாளுக்குத் தெரியாதா?"

"ஒரு கொழந்த பொறந்ததும் சொல்லிக்கலாம்னு இருக்கறோமுங்க. கொழந்தையக் கையில குடுத்துட்டுச் சொன்னா, கத்த முடியாதுங்களே."

அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்தார். "செகப்பு இருக்குதுங்களா?"

தனப்பிரியா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"இத எப்படிங்க குடிக்கறது?"

"பூவக் கொதிக்க வெச்சுங்க."

ஆள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழப்பத்தோடு நடந்தார். மேஜைக்கு அடியில் அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தனப்பிரியாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் எதிரே அரக்குச் சேலை.

"வாங்கத்தை, உக்காருங்கத்தை, மோரு குடிக்கறீங்களா?" நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். அட்டையை எடுத்து விசிறியும் விட்டாள்.

"என்ற ஊட்டுலகூட எனக்கு இந்த மரியாத கெடைக்காது" என்று பூரித்துப் போனார் அரக்குச் சேலை. ஆடாதொடை இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "சளிக்குக் கேக்குமில்ல? ஏன் அம்மிணி, செடி மட்டுந்தான் விக்கறயா?"

ஆமாங்கத்தை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தனப்பிரியா வாயைத் திறந்தாள். அது வரவில்லை, அழுகைதான் வந்தது.

"இல்லைங்கத்தை. வைன் விக்கறேன். பாட்டிலையெல்லாம் கீழ ஒளிச்சு வெச்சிருக்கறேன்."

பச்சைச் சேலை அம்மாள் வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அந்தக் காசுலதான் கொல்லிமலையில காடு நிக்குதுங்க. போன மழைக்கு நானே சொமந்துட்டுப் போயி நட்ட நாத்து இப்ப இடுப்பு ஒசரம் இருக்குது. அத உட முடியாது. உங்க பையனையும் உட முடியாது. பொய் சொல்லிட்டு உங்க ஊட்டுக்கு வரவும் முடியாது. திட்டறதுன்னா திட்டிப்போடுங்கத்தை."

அரக்குச் சேலை மோரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"நான் எதுக்கு அம்மிணி திட்டறேன்? எனக்குப் பையனே இல்ல, ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. எங்கூட்டுக்காரரு தேன் கடையில ருசி பாத்துட்டு நிக்கறாரு, அதுவரைக்கும் கால் ஆறலாம்னு வந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு அவர் போயே போய்விட்டார். தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் உண்மையான மாமியார் இனிமேல்தான் வரவேண்டும். இந்தக் கண்ணீரை இன்னொரு தடவை முதலிலிருந்து அழவேண்டும்.

மேஜைக்கு அடியில் ஒரு போன் அடித்தது. பச்சைச் சேலை அம்மாள் ஒரு பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தார்.

"வந்து அர மணி நேரமாச்சு ஜெகதீசு, உன்ற பொண்டாட்டிகூடத்தான் பாட்டில் ஒளிச்சு வெச்சுட்டு இருக்கறேன்."