வெள்ளி கலந்த கம்பி

மாடிப்படிக்குக் கீழே 'கிறீச்' என்று ஒரு சத்தம். பீங்கானில் பல்லைத் தேய்த்த மாதிரி. உடனே விளக்கு அணைந்தது.

மூன்றாவது முறை. மணி ஏழரைதான். கைக்குழந்தையோடு நான் தனியாக இருந்தேன். கணவர் வில்லியம் ஷிஃப்ட் முடிந்து வரப் பத்தாகும்.

"கதவைத் தாழ் போடாம ஒருக்களிச்சு வை. யார்னு மட்டும் பார்த்துடு" என்று சொல்லியிருந்தார். "யாரு, பின்போர்ஷன் தனபாலன்தான். செம்புக் கம்பி திருடி வயர்மேன் வேலை போனவன்." சாந்தோமில் பல குடித்தனங்கள் இருக்கும் எங்கள் ஸ்டோர் முழுக்க இதை அவரே சொல்லி வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். பால் காய்ச்ச நான் கரண்ட் அடுப்பைப் போட்டாலே ஃப்யூஸ் போய்விடும். அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியமுக்கு வேலை. அங்கிருந்து ஒரு கம்பி கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஃப்யூஸ் கட்டையில் மாட்டினார்.

"சாதாரணச் செம்பு சூட்டுல தொய்ஞ்சிடும், டோரதி. இதுல வெள்ளி இழை ஓடுது. முந்நூறு டிகிரியிலும் விறைப்பா நிக்கும். இனி ஃப்யூஸ் போற பேச்சே கிடையாது."

போகவில்லைதான். ஆனால் கம்பியே காணாமல் போனது. இரண்டு தடவை. அந்த இடத்தில் மயிரிழை மாதிரி வேறொரு கம்பி. அதைப் பிடுங்கிவிட்டு அவர் மறுபடி தன் கம்பியில் ஒரு துண்டை மாட்டுவார்.

குழப்பமே அதில்தான். திருடுகிறவன் எதற்குப் பதிலுக்கு ஒன்று மாட்டிவிட்டுப் போகிறான்?

குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் டார்ச். வெளியே வந்து வெளிச்சம் அடித்தேன். தனபாலனேதான்.

"கண்ணுல அடிக்காதம்மா. இந்தக் கட்டை மேல அடி. முடுக்கிட்டுப் பூட்றேன்."

ஏனென்றே தெரியாமல் அடித்தேன். விளக்கு வந்தது.

"எடுத்ததைக் குடுங்க" என்றேன்.

"குடுக்கத்தான் போறேன். மொதல்ல உள்ள போயி, தொட்டிலுக்கு மேல ஒயர் ஓடுது பாரு, அந்த மரச்சட்டத்தைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். சற்று முன்புதான் பால் காய்ச்சியிருந்தேன்; சட்டம் சுட்டது. ரப்பர் கருகிய வாடை. இத்தனை நாளும் பால் தீய்ந்த வாடை என்றிருந்தேன். தனபாலன் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"சார் கம்பி சோக்காதான் கீது. எந்தச் சூட்டுக்கும் அசையாது. ஆனா ஃப்யூஸ் கம்பின்னா அசையணும்மா. அது உருகினாத்தான் கரண்ட் நிக்கும். அது உருகலன்னா இந்த ஒயரு உருகும். கீழ கொயந்த தூங்குது."

குழந்தையைத் தொட்டிலிலிருந்து வாரி எடுத்துக்கொண்டேன். "அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"எங்கிட்ட எங்க பேசறாரு? கம்பித் திருடன் எனக்குப் பாடம் எடுக்கறான்னுவாரு." சிரித்தார்.

"சரி, பகல்ல எல்லார் முன்னாடியும் கழட்டியிருக்கலாம். ஏன் திருடன் மாதிரி இருட்டுல?"

மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே மூன்று துண்டுக் கம்பிகள், சுருட்டி வைத்தபடி.

"இது கடையில விக்கிற சரக்கு இல்லம்மா. ஆபீஸ் கம்பி. சார் கேட்டு எடுத்தாந்திருக்க மாட்டாரு. நாலு பேரு பாத்தா அவரு வேலை பூடும். நான் எடுத்தது துணி காயப்போட ரெண்டு முழம். அதுக்கே..."

தீப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

பத்து மணிக்கு வில்லியம் வந்தார். வாசலில் நின்றபடியே, ஸ்டோர் முழுக்கக் கேட்கிற குரலில், "என்ன, இன்னிக்கு வந்தானா திருடன்?" என்றார்.

"வந்தாச்சு. மெதுவாப் பேசுங்க" என்று அவரை உள்ளே இழுத்து, தீப்பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டு, கதவை உள்பக்கம் தாழிட்டேன்.