ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் இன்டர்கூலர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு, இன்ஜினுக்குள் டர்போ ஊதும் சூடான காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வாங்கினார்கள். அதைத் தனக்கு முன்னாலேயே பொருத்துவதைக் கண்டது, இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்.

"என் காற்றையெல்லாம் நீ குடித்துவிட்டால், மலையேறும்போது நான் கொதித்தே சாவேன்!" என்று புலம்பியது.

"என்னைவிடப் பெரியவன் வந்தால் உங்களை முழுசாக மறைத்துவிடுவான் என்றுதான் மெக்கானிக் என்னை எடுத்தார், அண்ணே. கீழே ஒரு சாண் இடம் எனக்குப் போதும். மேலே வரும் காற்று உங்களுக்கு," என்றது இன்டர்கூலர்.

மறுநாள் கார் மலையேறியது. டர்போ உற்சாகமாகச் சீறியது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கவே இல்லை. 'சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டானே!' என்று அது வியந்துகொண்டிருந்தபோது, முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் இன்டர்கூலரின் மேல் பட்டது.

"தம்பி, அடி பலமா?" என்று பதறியது ரேடியேட்டர்.

"லேசான நசுங்கல்தான். இத்தனை வருஷம் இதையெல்லாம் நீங்கள்தானே வாங்கினீர்கள், அண்ணே? இனி நான் வாங்கிக்கொள்கிறேன்."