கம்பெனி ஓடுதுங்களா?

"ஏம்மா அறிவுச்செல்வி, பாக்கி ஒரே ஒரு கம்பெனி. அதை மட்டும் எதுக்கு மூணு நாளாத் தள்ளிப்போட்டுட்டே வர்றே?"

மேலாளர் அன்பு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன் அடிச்சேனுங்க சார். எடுக்கலீங்க."

"இப்ப என் முன்னால அடி."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். புதுக் கம்பெனிகளில் பணம் போடும் முதலீட்டாளர்களில் முன்னணி நூறு பேரை வருடாவருடம் வரிசைப்படுத்தி வெளியிடுகிறது ஒரு மும்பைப் பத்திரிகை. அதற்கு விவரம் சரிபார்த்துக் கொடுப்பது இவர்கள் வேலை. பணம் வாங்கிய கம்பெனி ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, ஓடுகிறதா, மூடியாயிற்றா என்று கேட்டு டிக் அடிக்க வேண்டும். பேச்சு முழுவதும் பதிவாகும். அறிவுச்செல்வி வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது.

"எல்லாம் இந்த ஒரு டிக்குலதான் நிக்குது," என்றார் அன்பு. "எருமப்பட்டிக் கம்பெனி ஓடுதுன்னா அதுல பணம் போட்ட பெங்களூர்க்காரரு முதலிடம். மூடிட்டாங்கன்னா அஞ்சாவதுக்கு எறங்கிருவாரு. அஞ்சு மணிக்குப் பட்டியல் போயாகணும்."

அவரும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவள் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கமுங்க," என்றது வயதான ஆண் குரல்.

"வணக்கமுங்க. முதலீட்டாளர் பட்டியலுக்காகச் சேலத்துல இருந்து பேசறேன். நாலு கேள்வி கேக்கணுமுங்க."

அந்தக் குரல் ஒருமுறை செருமிக்கொண்டது. பிறகு, "கேளுங்க சாமி," என்றது.

"கம்பெனியில நீங்க யாருங்க?"

"எம்பேரு சின்னண்ணனுங்க. சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது."

"என்னங்க செய்யறீங்க அங்க?"

"கோழிப்பண்ணையில சூடு ஏறுச்சுன்னா செல்லுக்குச் சேதி சொல்ற மிசினுங்க. பதினெட்டுப் பேரு வேலை செய்யறாங்க."

"சத்தமே கேக்கலீங்களே?"

"சாப்பாட்டு நேரமுங்க."

"மணி நாலாச்சுங்க."

"எங்க பக்கம் நேரங்கழிச்சுத்தானுங்க திம்போம்."

அன்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தாளில் இருந்த அடுத்த கேள்வியை வாசித்தாள்.

"முதலீட்டாளர் உங்களை எப்படிங்க நடத்தறாரு?"

"தங்கமான மனுசனுங்க. ராத்திரி பகல்னு பாக்க மாட்டாரு. ஒரு நாள் விடாமப் போன் பண்ணிக் கேப்பாரு. பையன் சோத்துல கை வெச்சிருக்கறப்பக்கூடக் கேப்பாருங்க."

"பாரு, எவ்வளவு அக்கறை!" என்று முணுமுணுத்தார் அன்பு.

"கம்பெனியை ஆரம்பிச்ச தமிழரசுகிட்டப் பேசலாமுங்களா?"

நாற்காலி ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"வெளிய போயிருக்கறாருங்க."

"எப்ப வருவாருங்க?"

"சாமி..." குரல் உடைந்தது. "ஓடுதுன்னே எழுதிக்கங்க சாமி. மூடிப்போச்சுன்னு வந்தா இந்த ஊடும் போயிருமுங்க. பணம் போட்டவருக்கு ஊட்டுப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன். பட்டியல்ல மொத எடம் வந்துட்டாப் பத்திரத்தைத் திருப்பித் தாரேன்னு அவரு ஆளு சொல்லீட்டுப் போயிருக்கறாருங்க. உங்க கையிலதான் சாமி இருக்குது."

"சரிங்க," என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

"ஊடு, பத்திரம் எல்லாம் நமக்கெதுக்கு?" என்றார் அன்பு. "ஓடுதுன்னு அவரு வாயால சொல்லீட்டாரு. டிக் அடி. நம்ம பக்கத்துப் பசங்களுக்கும் நல்ல காலம்தான் போ. மொத எடம் வந்ததும் அந்தப் பெங்களூர்க்காரரு சேலத்துக்கு வந்து காலேஜ்ல பத்துப் பசங்களைப் பொறுக்கிப் பணம் போடப் போறாராம்."

"பத்துப் பேரா சார்?"

"ஆமா. இந்தத் தமிழரசு மாதிரியே சின்னப் பசங்களா."

அறிவுச்செல்வி திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு 'மூடப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

"ஏய், உனக்கென்ன கிறுக்கா? ஓடுதுன்னு இப்பத்தானே நானும் கேட்டேன்! அந்தப் பெரியவரு ஊட்டை நீயே புடுங்கிக் குடுக்கறியா? மாத்து."

"மாத்த மாட்டேனுங்க சார்."

'எப்படித் தெரியும்?' என்று திரையில் ஒரு புதுக் கட்டம் திறந்தது. அன்பு எட்டித் தடுப்பதற்குள் அவள் தட்டி முடித்து அனுப்பிவிட்டாள்:

'தமிழரசு தன் உயிரை மாய்த்துக்கொண்டு இன்றோடு நாற்பத்தொரு நாள். மகனுக்குக் கொள்ளி வைத்தவர்தான் இப்போது போனில் பேசியவர். அவர் என் அப்பா.'